பாதி முட்டை: காசநோய் வந்த ஒரு வீடும் ஜார்க்கண்டின் 10,345 பேரும்

1996-இல் என் சித்தப்பாவுக்குக் காசநோய் வந்தது. ஆரணிப் பக்கம் ஒரு மண்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். மூன்று மாத இருமலுக்கு மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்தே ஓட்டினார். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கடைசியில் ஒரு மூட்டையோடு படியில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் சித்தி அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சளியில் கிருமி இருந்தது. மாத்திரை இலவசம். "தினமும் ரெண்டு முட்டை, பால், பருப்பு. நல்லா சாப்பிடணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சித்தி தினமும் இரண்டு முட்டை வாங்கினார். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு முட்டை சித்தப்பாவுக்கு. இன்னொன்றை வேகவைத்து, நூலால் அறுத்து, மூன்று பங்கு. சித்தப்பா தன் முட்டையைத் தொடாமல் வைத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்ததும் அதிலும் பாதி கடைக்குட்டிக்குப் போய்விடும். "உங்களுக்குன்னுதானே வாங்கினது, நீங்க சாப்பிடுங்க" என்று சித்தி சத்தம் போடுவார். சித்தி என்ன சாப்பிட்டார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அடிக்கடி போய் வந்துகொண்டிருந்த நானும் கேட்டதில்லை.

மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டு முடித்தார். சளி சுத்தமானது. குணமடைந்தார் என்று எழுதி அட்டையை மூடினார்கள். 1999-இல் அவருடைய மூத்த மகளுக்கு, என் தங்கைக்கு, 15 வயதில் இருமல் வந்தது. அதே மருத்துவமனை, அதே மாத்திரை, புது அட்டை.

மருத்துவமனைக் கணக்கில் அவை இரண்டு நோயாளிகள், இரண்டு வெற்றிகள். தங்கையும் குணமானாள். ஆனால் பத்தாம் வகுப்பு அதோடு நின்றது. அந்த இரண்டு அட்டைகளையும் நான் ஒரே நிகழ்வாகத்தான் பார்க்கிறேன். அப்பாவுக்கு வந்தபோதே மகளுக்கு வராமல் தடுத்திருக்க முடியுமா என்ற கேள்வி பல வருஷம் எனக்குள் இருந்தது. அதற்கு உறுதியான ஒரு பதில் 2023-இல், ஜார்க்கண்டில் நடந்த ஒரு ஆய்விலிருந்து கிடைத்தது.

சென்னை கேட்ட கேள்வி

ஜார்க்கண்டுக்குப் போகும் முன் சென்னைக்குப் போக வேண்டும். காசநோய் சிகிச்சையிலிருந்து சாப்பாடு பின்னுக்குப் போன கதை அங்கேதான் தொடங்குகிறது. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு. அதற்காகக் கட்டப்பட்டவைதான் சானடோரியங்கள். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கியதும் அப்படி ஒன்று. அந்தப் பெயரை அங்கிருக்கும் ரயில் நிலையம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் சில ஆயிரம்தான். சம்பாதிக்கிற ஆள் ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அங்கே நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பாதி தங்கள் நெரிசலான வீட்டிலேயே இருந்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, முடிந்தபோது வேலைக்கும் போனார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

1959-இல் வெளியான முடிவு உலகத்தையே மாற்றியது. கிட்டத்தட்ட ஒரே அளவில் இரு தரப்பும் குணமடைந்திருந்தார்கள். தொடர்ந்து கண்காணித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே, அந்த இருமல் மாதங்களில், தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது. இதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டன. என் சித்தப்பா வீட்டிலிருந்தே குணமானதும் அந்த ஆய்வின் பலன்தான். ஏழைகளுக்கு அது செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, அப்புறம் என்ன சிக்கல்? அந்த ஆய்வு கேட்டது, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சளியில் கிருமி போகுமா என்பதை. போகும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் காலப்போக்கில் "சாப்பாடு முக்கியம் இல்லை" என்று சுருங்கிவிட்டது. கிருமி போன பிறகு அந்த உடம்பு எத்தனை கிலோவில் நிற்கிறது, பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளைக்கு நாளைக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் வேறு கேள்விகள். பல பத்தாண்டுகளுக்கு அவை டாக்டர் வாயிலிருந்து வரும் "நல்லா சாப்பிடுங்க" என்ற ஒற்றை வாக்கியத்தோடு நின்றுபோயின.

மெலிந்த உடம்பில் கிருமி

காசநோய்க்கு நம் ஊரில் எலும்புருக்கி என்று இன்னொரு பெயர் உண்டு. நோய் உடம்பை உருக்குகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. உருகிய உடம்பில் நோய் எளிதாக ஏறிக்கொள்ளும் என்ற மறுபாதியைத்தான் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காசநோய்க் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. தொற்றியவர்களில் வாழ்நாள் முழுவதிலும் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வருகிறது, அதில் பெரும்பங்கு முதல் சில ஆண்டுகளில். மற்றவர்களுக்கு உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சுற்றி வேலி கட்டி, தூங்கவைத்துவிடுகின்றன. அந்த வேலியைத் தளர்த்துகிறவை என்று எச்.ஐ.வி, சர்க்கரை நோய், புகை, குடி ஆகியவற்றைச் சொல்லலாம். இந்தியாவைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு சத்துக்குறைவுக்கு. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் உடல் நிறை எண் ஒன்று கூடினால் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2023-இல் உலகில் காசநோய் வந்தவர்களில் 26 சதவீதம் பேர் இந்தியர்கள். கிருமி மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு பெரிய பங்கு நமக்கு வந்திருக்காது.

இந்த வட்டத்தை வறுமை எங்கே தொடங்கிவைக்கிறது என்று ஒரு இடத்தைக் காட்ட முடியாது. சித்தப்பா வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு ஒரே அறை, ஒரு சின்ன ஜன்னல், அதையும் கொசுவுக்காக மூடிவைப்பார்கள். விறகுப் புகை. இருமலோடு மூன்று மாத வேலை. நோய் தெரிந்த பிறகு கூலியே இல்லாத நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் சித்தியின் தோடு அடகுக்குப் போனது, பால் நின்றது, பருப்புக் குழம்பு ரசமானது. வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்து, மற்றவர்கள் உடம்பில் கிருமி புதிதாக நுழைந்திருக்கும் அதே மாதங்களில்தான் அந்த வீட்டின் சாப்பாடு இருந்ததைவிடக் கீழே இறங்குகிறது. என் தங்கைக்கு நடந்ததை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மருந்து இலவசமாகக் கிடைத்தும் காசநோய் வந்த குடும்பங்களில் சுமார் பாதி, தங்கள் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இந்த நோயால் இழக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் எடுத்த கணக்கு சொல்கிறது. அந்த இழப்பில் கூலியும் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்திதான்.

ஜார்க்கண்டில் ஒரு பை அரிசி

மங்களூருவின் யேனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதி, சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு இது. சாப்பாடு பின்னுக்குப் போவதற்குக் காரணமான ஆய்வு நடந்த அதே நிறுவனம், 60 ஆண்டு கழித்து சாப்பாட்டை மறுபடி கேள்விக்குள் கொண்டுவந்தது என்பது எனக்கு நெகிழ்ச்சியான விஷயம்.

ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் 28 காசநோய்ப் பிரிவுகள். நுரையீரல் காசநோய் உறுதியான 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் கூடவே இருந்த 10,345 பேர். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன், பூமிஜ் போன்ற பழங்குடி மக்கள். வீட்டில் இருந்தவர்களில் 34 சதவீதம் பேர் சத்துக்குறைவோடு இருந்தார்கள். நோயாளிகளிலோ ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜனவரி வரை ஆட்களைச் சேர்த்தார்கள். கொரோனா ஊரடங்கு நடுவில் வந்தது. அதற்கிடையிலும் உணவுப் பைகள் போய்ச் சேர்ந்தன.

இந்த ஆய்வை அமைத்த விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நோயாளிகளில் யாரையும் பட்டினி போடவில்லை. இரு தரப்பிலும் நோயாளிக்கு ஆறு மாதம் உணவுப் பை உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத வகை நோய் என்றால் ஒரு வருஷம். மாதம் 10 கிலோ: அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். கூடவே சத்து மாத்திரை. அந்தக் கடலை மாவுக்கு வடக்கே 'சத்தூ' என்று பெயர், நம் பொட்டுக்கடலை மாவு மாதிரிதான். இதில் ஒரு நாளைக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கிடைக்கும். இரு தரப்புக்கும் வித்தியாசம் குடும்பத்தில்தான். ஒரு தரப்பில் நோயாளிக்கு மட்டும் பை. இன்னொரு தரப்பில் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், அதோடு சத்து மாத்திரையும். அவ்வளவுதான். இதில் மருந்து எதுவும் இல்லை.

2022 ஜூலை வரை அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பம் முழுவதற்கும் உணவு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான, பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் வகையை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். ஏறக்குறைய பாதி. 30 வீடுகளுக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று கணக்கு வந்தது. செலவு, 2019 விலையில், நோயாளிக்கு மாதம் சுமார் 13 டாலர், வீட்டில் உள்ளவர்களுக்குத் தலைக்கு சுமார் 4 டாலர்.

நோயாளிகளைப் பற்றிய பகுதி தனியாக வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ இருக்கிற ஆளுக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ. இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ! மாத்திரை உள்ளே போகத் தொடங்கிச் சில வாரத்தில் ஊர்ப்பட்ட பசி எடுக்கும். "மாத்திரை போட்டா வயிறு எரியுது, பானையில ஒண்ணும் இல்ல" என்று சித்தப்பா புலம்பியது நினைவிருக்கிறது. உடம்பு தேற முயலும் நேரத்தில் வரும் பசி அது. அந்தப் பசிக்குச் சோறு கிடைக்கிறதா இல்லையா என்பது உயிர்ப் பிரச்சினை.

பாதி முட்டைக்கு வருகிறேன். நோயாளிக்கு மட்டும் சாப்பாடு கொடுத்தால் ஏழை வீட்டில் அது அவர் தட்டோடு நிற்காது. எந்த அப்பாவும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க முட்டை தின்ன மாட்டார். அதை ஒழுங்கின்மை என்று எழுதிவைக்கும் சுகாதார ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கோபம் வரும். பங்கு போடுவது பாசம். அந்தப் பாசத்துக்கு இடம் இருக்கும்படி வீட்டு எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுத்ததுதான் ஜார்க்கண்டில் நடந்த நல்ல காரியம்.

தமிழ்நாட்டில் இப்போது

இறப்பைத் தடுக்கும் விஷயத்தில் தமிழ்நாடு முன்னால் போயிருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் உடனே சில அளவுகள் பார்க்கிறார்கள். உயரமும் எடையும், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன், துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. சில நிமிஷ வேலை, ஆய்வகம் தேவையில்லை. மோசமான நிலையில் இருப்பவர்களை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்க்கிறார்கள். உடல் நிறை எண் 14-க்குக் கீழே என்பது அந்த அபாயக் கோடுகளில் ஒன்று. 160 சென்டிமீட்டர் உயரமான ஒருவர் 36 கிலோகூட இல்லை என்று அர்த்தம். மூட்டையோடு படியில் உட்கார்ந்த அன்றைக்கு என் சித்தப்பாவை இந்த அளவுகோலில் பார்த்திருந்தால் நிச்சயம் சேர்த்திருப்பார்கள்.

நோயாளிகளின் சாப்பாட்டுக்காக மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. ஒரு நாளைக்கு 33 ரூபாய். ஒரு முட்டையும் அரை லிட்டர் பாலும் வாங்கினால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது. அதுவும் ஒருவருக்கு. வங்கிக் கணக்கில் வருவதால், கணக்கு இல்லாதவர், ஆதார் இணைக்காதவர், வேலைக்காக ஊர் விட்டு ஊர் போனவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் 2 கிலோ ஏற வேண்டிய உடம்புக்கு நான்காம் மாதம் வரும் பணத்தால் பெரிய பயன் இல்லை.

பணமாகக் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பிரேசிலில் 2003-இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா திட்டம், பிள்ளைகள் பள்ளிக்கும் தடுப்பூசிக்கும் போனால் ஏழைக் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறது. 5 கோடிக்கும் அதிகமான மக்களின் தரவை வைத்துச் செய்து 2025-இல் வெளியான ஆய்வு, அந்தப் பணம் பெற்றவர்களிடம் காசநோய் வருவது 41 சதவீதமும் அதனால் இறப்பது 31 சதவீதமும் குறைந்ததைக் காட்டியது. அது காசநோய்க்கான திட்டமே இல்லை. நோய் வருவதற்கு முன்பே, குடும்பம் முழுவதற்குமாக, வருஷக்கணக்கில் போன பணம்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. வீட்டில் உள்ள எல்லோரையும் நோய் உறுதியான வாரத்திலேயே பரிசோதிப்பது, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பது, வேலைக்குப் போக முடியாத முதல் இரண்டு மாதத்துக்காவது கூலியில் ஒரு பங்கு ஈடுகட்டுவது. கூலி ஈடு என்பதற்கு யாரும் வாய் திறப்பதில்லை. சித்தப்பா மூன்று மாதம் சிரப் குடித்துக்கொண்டிருந்ததற்கு அறியாமை காரணம் என்று சொல்வார்கள். ஒரு நாள் கூலி போகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதுதான் காரணம்.

ஜார்க்கண்ட் பையை அப்படியே இங்கே இறக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் காசநோயாளிகளில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நிறைய. அவர்களுக்கு வெள்ளை அரிசியை இன்னும் குவிப்பதில் அர்த்தம் இல்லை. இங்கே அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி ஏற்கெனவே இலவசமாக வருகிறது. குறைவது பருப்பு. நாடு முழுக்கப் பொருந்தும் 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமை, சிறுதானியம் உண்டு, பருப்பு கிடையாது. தமிழ்நாடு தன் செலவில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கொடுப்பது பெரிய உதவி. ஆனால் வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் அட்டைக்கு ஒரு கிலோதான்.

புதிதாக ஒரு துறையோ செயலியோ இதற்கு வேண்டாம். காசநோய்ப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறும் அன்றைக்கே அந்த வீட்டின் ரேஷன் அட்டையில் ஒரு குறி விழட்டும். ஆறு மாதத்துக்குத் தலைக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு, அதே கடையில், அதே வரிசையில். வீட்டில் எத்தனை பேர் என்பது அட்டையிலேயே இருக்கிறது. அக்கம்பக்கத்துக்கு நோய் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு, குறிப்பாகக் கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடுகளுக்கு, பொருளைக் கிராம செவிலியர் கையில் கொடுத்தனுப்பும் வழியும் இருக்க வேண்டும். என் தங்கைக்கு வந்ததை எங்கள் குடும்பம் பத்து வருஷம் மறைத்துவைத்திருந்தது.

சித்தி வீட்டு அட்டையில் சித்தப்பாவைத் தவிர நான்கு பேர். மாதம் 6 கிலோ பருப்பு. ஆறு மாதத்துக்கு 36 கிலோ.